பிரேக் பிடித்தவன் குற்றவாளியா?

கார் இன்ஷூரன்ஸை ரெனியூவல் செய்யும் நேரத்தில் இப்போதெல்லாம் ஒரு பேச்சு தவறாமல் வருகிறது. “நீங்க நிதானமா ஓட்டுறவர் சார். கண்ணுமண்ணு தெரியாம ஓட்டுறவனுக்கும் சேர்த்து நீங்க எதுக்குப் பணம் கட்டணும்?” கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கைபேசியில் ஒரு செயலி இருந்தால் போதும், இல்லையென்றால் காரோடு சேர்ந்தே வரும் சிம் கார்டு இருக்கிறது. எப்படி வேகமெடுக்கிறீர்கள், எப்படி பிரேக் பிடிக்கிறீர்கள், வளைவில் எப்படித் திரும்புகிறீர்கள், எத்தனை மணிக்கு வண்டியை வெளியே எடுக்கிறீர்கள் என்று அது பார்த்துக்கொண்டே வரும். லட்சக்கணக்கான பயணங்களைப் படித்துத் தேறிய ஒரு கணினி மாதிரி (மாடல்), உங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். நல்ல மதிப்பெண்ணுக்குத் தள்ளுபடி கிடைக்கும். ஊரில் எல்லாரும் நல்ல மதிப்பெண் வாங்கப் பார்ப்பார்கள், விபத்து குறையும், எல்லாருக்கும் லாபம்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இதைச் சொல்வதில் வியப்பில்லை, அது அவர்கள் வியாபாரம். ஆனால் சாலைப் பாதுகாப்புக் கூட்டங்களில் பேசுகிறவர்களும், வண்டி வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத மென்பொருள் இளைஞர்களும், தொழில்நுட்பப் பக்கம் எழுதுகிறவர்களும் இதையே ஒரே குரலில் சொல்கிறார்கள். “தரவு பொய் சொல்லாது” என்பது அவர்களுடைய முத்தாய்ப்பு. தரவு பொய் சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் கேட்காத கேள்விக்கு அது உண்மையான பதிலைச் சொல்கிறது. தாம்பரத்தில் ஓடும் ஒரு வண்டியிலிருந்து எடுத்த மதிப்பெண், அந்த வண்டி எந்தச் சாலையில், எந்த நேரத்தில், எந்தப் பிழைப்புக்காக ஓடியது என்பதைத்தான் பெருமளவு சொல்லும். அதன்மேல் ஓட்டுநரின் பெயரை ஒட்டுவது கம்பெனி செய்யும் வேலை. அந்தப் பெயரை ஒட்டியதும் சாலைக்குப் பொறுப்பானவர்கள் தப்பித்துவிடுகிறார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, 2022 ஜூலையில் சில கூடுதல் திட்டங்களுக்கு அனுமதி கொடுத்தது. அவற்றில் இரண்டு இங்கே முக்கியம். எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள் என்று பார்த்துக் கட்டணம் போடுவது ஒன்று. எப்படி ஓட்டுகிறீர்கள் என்று பார்த்துப் போடுவது இன்னொன்று. அதற்கு முன்பே, 2020-ல், ஆணையத்தின் சோதனைத் திட்டத்தின் கீழ் எடெல்வைஸ் ஜெனரல் போன்ற நிறுவனங்கள் செயலி வழி பாலிசிகளைப் பரீட்சித்துப் பார்த்திருந்தன. 2019 மே மாதம் ஹூண்டாய் வென்யூ சந்தைக்கு வந்தபோதே, இணையத்தோடு பேசும் கார் என்பதுதான் அதன் பெரிய விளம்பரம். ஆக, கருவியும் வந்துவிட்டது, அனுமதியும் வந்துவிட்டது. இரண்டில் முதல் திட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. வாரத்துக்கு ஒருநாள் கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் காரை எடுக்கும் சேலையூர்ப் பெரியவர், தினமும் ஸ்ரீபெரும்புதூர் போய்வருகிறவர் கட்டும் அதே பணத்தைக் கட்டுவது அநியாயம்தான். சாலையில் அதிக நேரம் இருப்பவருக்கு ஆபத்து அதிகம், இதைச் சொல்ல இயந்திரக் கற்றலே தேவையில்லை. மீட்டரைப் பார்த்தால் போதும். என் மறுப்பெல்லாம் இரண்டாவது திட்டத்தின் மேல்தான். கட்டுரைகளிலும் விளம்பரங்களிலும் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துப் பேசுவதால்தான் முதலாவதின் நியாயம் இரண்டாவதற்கும் ஒட்டிக்கொள்கிறது.

செயலிக்கு உங்களைத் தெரியாது. கைபேசிக்குள் இருக்கும், வேகமாற்றத்தை அளக்கும் முடுக்கமானியும் ஜிபிஎஸ்ஸும் தரும் எண்கள்தான் அதற்குத் தெரியும். ஒரு விநாடியில் வேகம் சுமார் 10, 11 கிலோமீட்டர் குறைந்தால் ‘கடும் பிரேக்’ என்று குறித்துக்கொள்ளும். நிறுவனத்துக்கு நிறுவனம் இந்தக் கோடு கொஞ்சம் முன்பின் இருக்கும். இப்போது ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் சானடோரியத்திலிருந்து இரும்புலியூர்ப் பக்கம் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் அது விநாடிக்கு 11 மீட்டர் நகர்கிறது. 25 மீட்டர் முன்னால் ஒருவர் கையில் பையோடு சென்டர் மீடியனைத் தாண்டி இறங்குகிறார். அவரைப் பார்த்து, புத்திக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகிறது. மீதி இருப்பது 14 மீட்டர். அதற்குள் வண்டி நிற்க வேண்டுமென்றால் விநாடிக்குக் கிட்டத்தட்ட 16 கிலோமீட்டர் வீதம் வேகம் குறைந்தாக வேண்டும். குறைகிறது. அந்த மனிதர் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு அக்கரை போய்ச் சேர்கிறார். ஓட்டியவர் பெயரில் ஒரு கரும்புள்ளி விழுகிறது.

பின்னாலேயே இன்னொருவர் வருகிறார் என்று வையுங்கள். அவர் பிரேக்கில் கால் வைப்பதில்லை. ஹாரனில் கை வைத்தபடியே வருகிறார். சாலையைக் கடக்க வந்தவர் பதறிப் பின்வாங்கி மீடியனில் முதுகை ஒட்டிக்கொள்கிறார். கார் அதே 40-ல் போய்விடுகிறது. முடுக்கமானியில் ஒரு சலனமும் இல்லை. ஹாரன் சத்தம் அதற்குக் கேட்காது. செயலியின் கணக்கில் இவர் சீராக ஓட்டுகிறவர், இவருக்குத்தான் தள்ளுபடி. ஜி.எஸ்.டி. சாலையில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இவர் அறிமுகமானவர்தான்.

இங்கே எதிர்த்தரப்பு ஒரு பதில் வைத்திருக்கிறது. ஒரு பிரேக்கை வைத்து யாரும் முடிவு செய்வதில்லை. ஆயிரக்கணக்கான ஓட்டுநர்களைச் சேர்த்துப் பார்த்தால், அடிக்கடி கடும் பிரேக் பிடிப்பவர்களுக்கு விபத்து அதிகம் என்று தெரிகிறது. அந்த உறவைத்தான் மாதிரி கற்றுக்கொள்கிறது. சரி. அந்த உறவு எந்த ஊரில் கண்டுபிடிக்கப்பட்டது? நடைபாதையும் சிக்னலும் ஒழுங்காக இருக்கிற, கோட்டுக்குள் வண்டி ஓடுகிற அமெரிக்க, ஐரோப்பியச் சாலைகளில் இந்தத் தொழில் வளர்ந்தது. அங்கே எல்லாரும் சீராகப் போகும்போது ஒருவர் மட்டும் திடீர் திடீரென்று பிரேக் பிடித்தால், அவர் முன்னால் போகும் வண்டிக்கு மிக நெருக்கமாகப் போகிறார், அல்லது கைபேசியைப் பார்த்துக்கொண்டு போகிறார் என்று கருத இடம் உண்டு. கேம்ப் ரோடு சந்திப்பிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் தாண்டி மேடவாக்கம் வரை போய்ப் பாருங்கள். ஷேர் ஆட்டோ நடுச்சாலையில் நின்று ஆள் ஏற்றும். யூ டர்ன் வெகுதூரம் என்பதால் டூவீலர்கள் ஓரமாக ராங் சைடில் எதிரே வரும். பள்ளி விடும் நேரத்தில் வேன்கள் வரிசையாகக் கதவைத் திறக்கும். இங்கே திடீர் பிரேக் என்பது ஒருவருடைய பழக்கம் என்று பிரித்தெடுக்கக் கூடியதா? அதுதான் இங்கே போக்குவரத்தே. (லேன் தாண்டுகிறீர்கள் என்று பீப் பீப் என்று எச்சரிக்கும் கார்களை இந்தப் பக்கம் ஓட்டியவர்கள் முதல் வாரத்திலேயே அந்த வசதியை அணைத்துவிடுகிறார்கள். லேன் எங்கே என்று காருக்கும் தெரிவதில்லை, நமக்கும் தெரிவதில்லை.)

ஒழுங்கான சாலைகள் உள்ள அமெரிக்காவிலேயே இது சிக்கலில் முடிந்திருக்கிறது. 2021-ல் அமேசான் தன் டெலிவரி வேன்களில் நெட்ராடைன் என்ற நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களைப் பொருத்தியது. வேறொரு கார் குறுக்கே புகுந்ததற்கெல்லாம் தங்கள் கணக்கில் தவறு ஏறுகிறது என்று ஓட்டுநர்கள் அங்கேயே புகார் சொன்னார்கள். குறுக்கே புகுவதுதான் வாகனம் ஓட்டும் முறை என்றாகிவிட்ட பெருங்களத்தூரில் அதே கேமரா என்ன எழுதும் என்று சொல்லத் தேவையில்லை.

கிளாம்பாக்கத்துக்கு வருவோம். என் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. 2023 டிசம்பர் 30 அன்று அங்கே கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்தார். அடுத்த சில வாரங்களில் தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து இங்கே மாறின. முனையம் தயாராக இருந்தது. ஆனால் எதிரே ரயில் நிலையமும் தயாரில்லை, சாலையைக் கடக்க நடைமேம்பாலமும் தயாரில்லை. பெட்டி, பை, குழந்தை, மூட்டை என்று ஜனங்கள் ஜி.எஸ்.டி. சாலையில் குறுக்கே இறங்கினார்கள். வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் இடையே தினமும் வேலைக்குப் போகும் ஒருவர் 2023 நவம்பரில் எப்படி ஓட்டினாரோ அப்படித்தான் 2024 பிப்ரவரியிலும் ஓட்டியிருப்பார். அதே கண், அதே கால், அதே கார். அவர் கைபேசியில் இந்தச் செயலி இருந்திருந்தால் அவருடைய மதிப்பெண் மட்டும் சரிந்திருக்கும். இங்கே ஆபத்தை உண்டாக்கியது யார்? முனையத்தைக் கட்டியது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். சாலை தேசிய நெடுஞ்சாலை. ரயில் நிலையம் ரயில்வேயின் பொறுப்பு. இவர்களில் யாருக்காவது எந்தச் செயலியாவது மதிப்பெண் போட்டதா? பண்டிகைக்கு முந்தின இரவு பெருங்களத்தூரில் ஆம்னி பஸ்கள் பாதிச் சாலையை அடைத்து நிற்கும்போது அந்த வழியாக வீட்டுக்குப் போகிறவருக்கும் இதே கதிதான்.

அடுத்து இரவு. நள்ளிரவுக்கு மேல் வண்டி ஓட்டினால் மதிப்பெண் குறைப்பது இந்த மாதிரிகளில் பரவலாக உள்ள வழக்கம். இரவில் விபத்து நடந்தால் சாவு அதிகம் என்பது உண்மையும்கூட. கம்பெனியின் நஷ்டக் கணக்குக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் அதை ‘ஓட்டும் தரம்’ என்ற தலைப்பில் போடுவது எந்த ஊர் நியாயம்? ஒரகடம், மறைமலை நகர், மஹிந்திரா சிட்டி தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப் போகும் வண்டிகள் இருட்டில்தான் ஓட வேண்டும். மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் இரவு வேலை முடித்து வருபவர், குரோம்பேட்டை மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸ், விடியுமுன் கோயம்பேட்டிலிருந்து காய்கறி ஏற்றி வரும் வேன்காரர், இவர்கள் எல்லாரும் ஆசைப்பட்டா அந்த நேரத்தில் ஓட்டுகிறார்கள்? பகல் பத்து மணிக்கு அலுவலகம் போய் ஆறு மணிக்குத் திரும்புகிறவர் ஒன்றும் செய்யாமலே நல்ல ஓட்டுநர் ஆகிவிடுகிறார். ஊருக்குப் பாலும் காயும் கொண்டுவருகிறவர் மோசமான ஓட்டுநர் ஆகிவிடுகிறார். இப்படி ஒரு அளவுகோலைச் சம்பளத்தை வைத்து நேரடியாகப் போட்டிருந்தால் ஊர் சும்மா விட்டிருக்காது. கணினி போட்டால் அறிவியல் என்று கைகட்டிக் கேட்டுக்கொள்கிறோம்.

இயந்திரக் கற்றல் என்று சொல்கிறவர்களிடம் நான் எப்போதும் கேட்க நினைப்பது, எதைப் பார்த்துக் கற்றது என்பதைத்தான். இந்த மாதிரிகளுக்குப் பாடப் புத்தகம் இன்ஷூரன்ஸ் கிளெய்ம்கள். யாருக்கு விபத்து நடந்தது என்று கிளெய்ம் பட்டியலைப் பார்த்து, அவர்கள் எப்படி ஓட்டினார்கள் என்பதோடு பொருத்தி, உறவைப் பிடிக்கிறது. இப்போது நம்மூர் நடைமுறையைப் பாருங்கள். ஒரு வருடம் கிளெய்ம் செய்யாமல் இருந்தால் 20 சதவீதம், ஐந்து வருடம் இருந்தால் 50 சதவீதம் வரை நோ கிளெய்ம் போனஸ். பம்பர் உடைந்தாலும், கதவு நசுங்கினாலும், போனஸ் போய்விடுமே என்று பயந்து, குரோம்பேட்டையிலோ பல்லாவரத்திலோ ஒரு டிங்கரிங் கடையில் விட்டு, நாலு நாள் கழித்துப் பெயின்ட் அடித்து எடுத்து வருவதுதான் பலர் செய்வது. அந்த மோதல்கள் எதுவும் பாடப் புத்தகத்தில் இல்லை. போனஸை எண்ணிப் பார்க்கத் தெரிந்தவரின் விபத்து மறைந்துவிடுகிறது. அது தெரியாதவரின் விபத்து மட்டும் பதிவாகிறது. அதிலிருந்து கற்ற மாதிரி, யார் விபத்து ஏற்படுத்துவார் என்பதைக் கற்கிறதா, யார் கிளெய்ம் போடுவார் என்பதைக் கற்கிறதா?

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. இந்த மதிப்பெண் பொருந்துவது ஓன் டேமேஜ் பகுதிக்கு மட்டும். அதாவது உங்கள் காருக்கு வரும் சேதத்துக்கு. நீங்கள் மோதி இன்னொருவர் செத்தாலோ கால் போனாலோ கொடுக்க வேண்டிய தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸுக்கு அரசுதான் விலை வைக்கிறது, அதுவும் இன்ஜின் சி.சி.யை வைத்து. 2022 ஜூன் 1 முதல் வந்த பட்டியலில் 1000 சி.சி.க்கு உட்பட்ட கார் என்றால் 2,094 ரூபாய், 75-லிருந்து 150 சி.சி. வரை டூவீலர் என்றால் 714 ரூபாய். எப்படி ஓட்டினாலும் அதே பணம்தான். ஆக, உயிர் காக்கும் தொழில்நுட்பம் என்று மேடையில் பேசப்படுவது, சட்டப்படி தகரத்தின் விலையோடு மட்டும் சம்பந்தப்பட்டது.

சாகிறவர்கள் யார் என்று பார்த்தால் இந்த விலகல் இன்னும் உறுத்தும். 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 44.5 சதவீதம் டூவீலரில் போனவர்கள், 19.5 சதவீதம் நடந்து போனவர்கள். இந்த இரண்டு வகையே சேர்த்து மூன்றில் இரண்டு பங்கை நெருங்குகிறது. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நடந்த விபத்துகள் 64,105. வேறெந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. இறந்தவர்கள் 17,884 பேர். நடந்து போகிறவரிடம் செயலி இல்லை. டூவீலர்காரர்களில் பலர் தேர்டு பார்ட்டி மட்டும் போட்டு ஓட்டுகிறவர்கள். நாட்டில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல் இன்ஷூரன்ஸே இல்லாதவை என்று நாடாளுமன்றக் குழுவே சொல்லியிருக்கிறது. சாகிறவர்கள் இல்லாத ஒரு தரவுக் குவியலை வைத்துக்கொண்டு சாவைக் குறைக்கப் போகிறோம் என்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தகர விலைதான் கணக்கு என்றால்கூடத் தாம்பரத்தின் மேற்குப் பக்கத்தில் காருக்குப் பெரிய எதிரி பிரேக் இல்லை, அடையாறு. முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015-ல் மூழ்கியதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரிக்காரர்கள் தங்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின்மேல் வரிசையாக நிறுத்தியதையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போய் ஒரே இரவில் போன கார்களுக்கும், அவற்றின் சொந்தக்காரர்கள் வளைவில் எப்படித் திரும்பினார்கள் என்பதற்கும் என்ன சம்பந்தம்?

“அதிவேகம்தானே காரணம், அரசாங்கக் கணக்கே சொல்கிறதே” என்பார்கள். சொல்கிறதுதான். 2022-ல் இறந்தவர்களில் 71.2 சதவீதம் பேரின் சாவுக்கு அதிவேகமே காரணம் என்று மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை போடுகிறது. அந்த எண் எங்கிருந்து வருகிறது? விபத்து நடந்த இடத்துக்குப் போகும் காவலர், வழக்குப் பதிவுக்காகப் படிவத்தில் நிரப்பும் காரணத்திலிருந்து. வண்டி என்ன வேகத்தில் வந்தது என்று அளக்க அவரிடம் கருவி கிடையாது. விளக்கு எரியாத சாலை, அறிவிப்பில்லாத வேகத்தடை, தூசியில் மறைந்த மீடியன் முனை, இவற்றைக் காரணமாக எழுதினால் எந்தத் துறை மேல் வழக்குப் போடுவது? ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்று எழுதினால் கையில் ஒரு ஆள் கிடைத்துவிடுகிறார், கோப்பும் முடிந்துவிடுகிறது. வேகம் கொல்லாது என்று நான் சொல்ல வரவில்லை. 40-ல் மோதினால் பிழைக்கிறவர் 70-ல் மோதினால் பிழைப்பது அபூர்வம். ஆனால் வேகத்தைப் பிடிக்கக் கேமராவும் சட்டமும் இருக்கின்றன. அதற்கு என் குடும்பம் எங்கே போகிறது, எப்போது வருகிறது என்று ஆண்டு முழுக்க ஒரு கம்பெனி பதிவு செய்யத் தேவையில்லை.

இனி எதிர்த்தரப்பின் மிகச் சிறந்த வாதத்துக்கு வருகிறேன். இந்தத் துறையில் வேலை பார்க்கும் விவரமானவர்கள் சொல்வது இது: “நீங்கள் சொல்வதெல்லாம் பழைய காலம். புதிய மாதிரிகள் சூழலையும் சேர்த்தே கணக்குப் போடுகின்றன. கேம்ப் ரோட்டில் எல்லாரும் எட்டு முறை பிரேக் பிடிக்கிறார்கள் என்றால், நீங்கள் எட்டு முறை பிடித்ததைத் தவறாக எடுத்துக்கொள்ளாது. பதினாறு முறை பிடித்தால்தான் குறிக்கும்.” நல்ல வாதம். அப்படிச் செய்ய முடியும் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் அதைச் செய்ய வேண்டுமானால், எந்தச் சாலையில், எந்த இடத்தில், எந்த நேரத்தில் சராசரி மனிதர் எத்தனை முறை திடுக்கிட்டு பிரேக் பிடிக்கிறார் என்ற கணக்கு முதலில் கையில் இருந்தாக வேண்டும். அதாவது தாம்பரத்தின் ஆபத்து வரைபடம், நூறு மீட்டருக்கு நூறு மீட்டர், உங்கள் சர்வரில் இருக்க வேண்டும். இருக்கிறதா? இல்லையென்றால் சூழலைக் கணக்கில் எடுக்கிறோம் என்பது வெறும் பேச்சு. இருக்கிறதென்றால், அது ஏன் இன்னும் மாநகராட்சியிடம் இல்லை? ஏன் நெடுஞ்சாலைத் துறையிடம் இல்லை? எங்கே பிரேக் பிடிக்க நேர்கிறது என்று தெரிந்தும், அந்த இடத்தைச் சரிசெய்யச் சொல்லாமல், அங்கே பிரேக் பிடித்தவரிடம் கூடுதல் பணம் வாங்க அதைப் பயன்படுத்துகிறவர்களைப் பாதுகாப்பின் காவலர்கள் என்று எப்படி அழைப்பது?

இந்த இடத்தில் இரண்டு அளவுகோல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் ஒரு இடத்தைக் ‘கரும்புள்ளி’ என்று அரசு அறிவிக்க என்ன நிபந்தனை தெரியுமா? சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் சாவோ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்து ஐந்து நடந்திருக்க வேண்டும். அல்லது 10 பேர் செத்திருக்க வேண்டும். அதன்பிறகுதான் அந்தச் சாலைக்குக் கெட்ட பெயர். ஓட்டுநருக்குக் கெட்ட பெயர் வர, ஒருவரைச் சாகவிடாமல் பிடித்த ஒரு பிரேக் போதும்.

தள்ளுபடிதானே, விருப்பம் உள்ளவர் எடுத்துக்கொள்ளட்டும் என்பவர்களுக்கு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கதை இருக்கிறது. அந்தக் கம்பெனியின் கார்களில் ‘ஸ்மார்ட் டிரைவர்’ என்று ஒரு வசதி. நன்றாக ஓட்டக் கற்றுக்கொடுக்கும் துணைவன் போலத்தான் அதை விற்றார்கள். அதில் சேர்ந்த தரவு லெக்சிஸ்நெக்சிஸ், வெரிஸ்க் என்ற தரவு வணிகர்கள் வழியாக இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போய்க்கொண்டிருந்ததை 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் வெளிப்படுத்தியது. பிரீமியம் திடீரென்று ஏறியது ஏன் என்று தேடிய கார்க்காரர்களுக்கு, தங்கள் ஒவ்வொரு பயணத்தின் தொடக்க நேரம், முடிந்த நேரம், தூரம், பிரேக் எண்ணிக்கை எல்லாம் பக்கம் பக்கமாகக் கிடைத்தன. தாங்கள் எப்போது சம்மதித்தோம் என்றே பலருக்குத் தெரியவில்லை. 2025 ஜனவரியில் அந்நாட்டு வர்த்தக ஆணையம் தலையிட்டு, அத்தகைய தரவு வணிகர்களுக்கு ஐந்து ஆண்டுகள் இந்தத் தரவைக் கொடுக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸுக்குத் தடை அறிவித்தது. நம்மிடம் 2023-ல் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. புதுக் கார் சாவியை வாங்கும் அவசரத்தில் ஷோரூமில் நின்றபடியே திரையில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று தட்டுகிறோம் அல்லவா, அந்த ஒப்புதலை யாரும் படித்துப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

விருப்பம் என்பதும் கொஞ்ச காலத்துக்குத்தான். இன்றைக்கு மதிப்பெண் காட்டியவருக்குத் தள்ளுபடி என்றால், எல்லாரும் காட்டத் தொடங்கிய பிறகு காட்டாதவருக்கு அபராதம் என்று அதற்குப் பொருள்.

கருவியை உடைக்கச் சொல்லவில்லை நான். இதே கேமராவை, இதே கணினி மாதிரியைச் சாலையின் பக்கம் திருப்பிய ஊர் இந்தியாவிலேயே இருக்கிறது. 2021-ல் நாக்பூரில் ‘ஐராஸ்டே’ என்ற திட்டம் தொடங்கியது. மாநகராட்சி, இன்டெல், ஐஐஐடி ஹைதராபாத், மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் எல்லாம் சேர்ந்து நகரப் பேருந்துகளில் மோதல் எச்சரிக்கைக் கேமராக்களைப் பொருத்தினார்கள். ஓட்டுநரை எச்சரிப்பது அதன் ஒரு வேலை. எந்த இடங்களில் அந்த எச்சரிக்கை திரும்பத் திரும்ப ஒலிக்கிறது என்று பார்த்து, அங்கே பத்துப் பேர் சாகும் முன்பே ‘சாம்பல் புள்ளி’ என்று குறித்துச் சாலையைத் திருத்துவது இன்னொரு வேலை. நமக்கு அறிவும் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. நாடு முழுக்கக் காவல் துறை பயன்படுத்தும் ஒருங்கிணைந்த விபத்துத் தரவுத்தளமான ஐராட், நம் சென்னை ஐஐடியின் கைவண்ணம். 2021-ல் முதலில் தொடங்கிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பஸ், டாக்ஸிகளில் இருப்பிடம் காட்டும் கருவி கட்டாயம் என்று ஏஐஎஸ்-140 விதியும் இருக்கிறது. ஆக, தரவு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அது யாரை நோக்கி ஓடுகிறது என்பதுதான் கேள்வி.

சாலையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றச் சட்டமும் உண்டு. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 198ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். சாலையை வடிவமைத்தவர், கட்டியவர், பராமரிப்பவர் பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றாததால் உயிரோ உடலுறுப்போ போனால், அவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொகை சொற்பம்தான். ஆனால் அதைக்கூட வசூலிக்க வேண்டுமென்றால், அந்த இடம் ஆபத்தானது என்பது முன்பே தெரிந்திருந்தது என்று நிரூபிக்க ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம் இன்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் சர்வரில் பிரேக் கணக்காகத் தூங்குகிறது.

எனவே ஐஆர்டிஏஐக்கு ஒரு கோரிக்கை. ‘எப்படி ஓட்டுகிறீர்கள்’ பாலிசி விற்கும் எந்த நிறுவனமும், ஓட்டுநர் பெயரும் வண்டி எண்ணும் நீக்கி, எந்த இடத்தில் எந்த நேரத்தில் எத்தனை கடும் பிரேக் என்ற கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாநில நெடுஞ்சாலைத் துறைக்கும், தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கும், அந்தந்த மாநகராட்சிக்கும் கொடுத்தாக வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். அதைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடவும் செய்யுங்கள். தாம்பரம் மாநகராட்சி 2021-ல் வந்தது, தனிக் காவல் ஆணையரகம் 2022-ல் வந்தது. இரண்டும் அதைக் கேட்டு வாங்கலாம்.

வாசகர்களுக்கும் ஒன்று. அடுத்த முறை ரெனியூவலுக்கு ஏஜென்ட் வரும்போது, கிலோமீட்டரைப் பார்த்துப் பணம் வாங்கும் பாலிசி இருந்தால் தாராளமாக எடுங்கள். பிரேக்கைப் பார்த்துப் பணம் வாங்கும் பாலிசி என்றால், மேலே சொன்ன வரைபடம் வெளியே வரும்வரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.